தொப்பூரில் போட்ட கணக்கு

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்.ஏ.டி. தேர்வைப் பெங்களூருவில் எழுதிவிட்டு நண்பர்கள் நால்வரும் பஸ்ஸில் சேலம் திரும்பினோம். கிருஷ்ணகிரி தாண்டியதும் வாசிப்புப் பகுதியின் விடைகளை ஒப்பிட ஆரம்பித்தோம். தொப்பூர் வருவதற்குள் எனக்கு 11 தவறு. இரண்டாவது பாதி என்னைத் தவிர எல்லோருக்கும் எளிதாம். அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் செய்து, "போய்விட்டது" என்று அழுதுவிட்டேன். அவர் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை நடத்துகிறார். மறுபடியும் எழுதப் பணம் கேட்க வாய் வரவில்லை. பாடப் புத்தகத்தையும் தொட முடியவில்லை.
— வாசகி, சேலம்

பதில்: கடிதத்தோடு நீ இணைத்திருந்த பஸ் டிக்கெட்டைத்தான் முதலில் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் நான்கு கோடு, குறுக்கே ஒன்று. அப்படி இரண்டு கட்டு, ஓரத்தில் ஒற்றைக் கோடு. அந்தக் கடைசிக் கோடு மட்டும் கோணிக்கொண்டு போகிறது. மலைப்பாதை வளைவோ, உன் கை நடுக்கமோ.

கண்ணு, அந்தக் கணக்கு செல்லாது. நீட் தேர்வென்றால் எல்லோருக்கும் அதே 180 கேள்விகள், பிறகு விடைக்குறிப்பும் வெளியாகும். ஒப்பிடுவதில் ஓரளவு நியாயம் உண்டு. எஸ்.ஏ.டி. 2023 மார்ச்சில் நம் நாட்டில் கணினிக்கு மாறியது முதல் ஆளுக்கொரு கேள்வித் தொகுப்பு வருகிறது. நான்கு வெவ்வேறு தாள்களை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரே கூட்டல் போட்டிருக்கிறீர்கள்.

வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 32 நிமிடத்துக்கு 27 கேள்வி, இரண்டு சுற்று. முதல் சுற்றில் எப்படிச் செய்தாய் என்று பார்த்துத்தான் இரண்டாவது சுற்று அமைகிறது. நன்றாகச் செய்தவருக்குக் கடினமானது வரும். நீ எதைச் சொல்லி அழுகிறாயோ அது நல்ல அறிகுறியாகவே இருக்கலாம். இருக்கலாம் என்று மட்டும்தான் சொல்கிறேன். களைத்துப்போனவளுக்கு எளியதும் மலைதான். போதாக்குறைக்கு, அந்த 54 கேள்விகளில் 4 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கிறார்கள். எந்த நான்கு என்று எழுதுபவருக்குத் தெரியாது.

சரி, நால்வருக்கும் அதே கேள்விகள்தான் வந்தன என்றே வைத்துக்கொள்வோம். பல வருடம் ஆங்கிலப் பாடம் நடத்தியவள் சொல்கிறேன்: படித்த பத்தியின் சாரம் நினைவில் தங்கும், சொற்கள் தங்காது. விடையோ 'எப்போதும்' என்றிருந்ததா, 'பெரும்பாலும்' என்றிருந்ததா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் மூன்று பேர் 'பி' என்றதும் நான்காமவள் தான் படித்ததையே சந்தேகிக்கிறாள். அதிலும் யார் குரல் பெரிதோ அவர் சொன்னதுதான் சரியான விடை! வெள்ளி எத்தனை டச், அதாவது எவ்வளவு சுத்தம் என்பதை உன் அப்பாவின் பட்டறையில் கை தூக்கியா முடிவு செய்கிறார்கள்?

கடிதத்தின் நடுவே ஒரு கேள்வியை எழுதி, எது சரி என்று கேட்டிருந்தாய். அதை வெட்டிவிட்டேன். கேள்விகளை வெளியே பகிரக் கூடாது என்பது தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் விதி. மீறினால் மதிப்பெண்ணை ரத்து செய்ய அவர்களுக்கு இடமுண்டு. வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது போட்டிருந்தால் முதலில் அதை நீக்கு.

முடிவு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை பணப் பேச்சே வேண்டாம். வந்த மதிப்பெண் போதவில்லை என்றால் மறுபடி எழுதலாம். வாசிப்பில் ஒரு முறையும் கணிதத்தில் இன்னொரு முறையும் வாங்கிய உயர்ந்த மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்க்கும் கல்லூரிகள் நிறைய உண்டு. உன் பட்டியலில் எவை அப்படி, விண்ணப்பக் கடைசி நாள் எது என்று இந்த வாரம் குறித்து வை. அதற்கு அரை மணி நேரம் போதும். மீதி நேரம் பொதுத்தேர்வுப் பாடங்களுக்கு.

எனக்கு மனத்தாங்கல் அந்தப் போன் விஷயத்தில்தான். உனக்கே தெரியாத முடிவை அப்பாவிடம் சொல்லிவிட்டாய். இன்று இரவு பட்டறையைப் பூட்டிவிட்டு அவர் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் உட்கார். "போய்விட்டது என்றேனே, அது தெரியாமல் சொன்னதுப்பா. முடிவு இன்னும் வரவில்லை" என்று சொல். அவரும் அன்றிலிருந்து எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் பேசாமல் இருப்பார்.