பழைய பெட்ரோல் பிக்கப்பில் டீசல் எஞ்சின்: கேள்விகளும் பதில்களும்

பெட்ரோல் எஞ்சினுடன் வந்த பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளிலும் பிக்கப்புகளிலும் டீசல் எஞ்சின் ஏற்றுவது குறித்து மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்து வண்டிக்காரர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, இந்த வேலையைப் பட்டறையில் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

உசிலம்பட்டி: ஐயா, தாத்தா காலத்து வில்லிஸ் பிக்கப் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். வாரம் ஒருமுறை மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். மைலேஜுக்காக டீசலுக்கு மாற்றலாமா?

முதலில் கணக்குப் போடுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றும், உங்கள் வண்டி பெட்ரோலில் 8 கிலோமீட்டரும் டீசலில் 12 கிலோமீட்டரும் கொடுக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் 12,500 ரூபாய்ச் செலவு ஏறக்குறைய 7,670 ரூபாயாகக் குறையும். மாற்றும் வேலைக்கு இரண்டு லட்சம் ஆகிறது என்றால் மூன்றரை ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் வாரம் ஒரு நடை போகும் நீங்கள் மாதம் 200 கிலோமீட்டர்தான் ஓட்டினால், மிச்சமாவது 970 ரூபாய்க்கும் குறைவு. அதே இரண்டு லட்சத்தை எடுக்கப் பதினேழு ஆண்டுகள் ஆகும். கார்புரேட்டரைச் சரிசெய்து, வால்வு இடைவெளி வைத்து, பற்றவைப்பு நேரத்தைச் சரிபார்த்து அதே எஞ்சினையே ஓட்டுங்கள் என்பதுதான் என் பதில். எனக்கு வர வேண்டிய வேலையை நானே தட்டிவிடுகிறேன் என்று பட்டறைப் பையன்கள் முணுமுணுக்கிறார்கள்.

மேலூர்: சட்டப்படி இதற்கு அனுமதி உண்டா? எஞ்சினை ஏற்றிவிட்டுப் பிறகு ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்களே.

அப்படிச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவதற்கு அதில் விலக்கு இருந்தாலும், அது அங்கீகரிக்கப்பட்ட மாற்றுக் கருவித் தொகுப்பைப் பொருத்துவதற்கான விலக்கே தவிர, பழைய சாமான் கடையில் எடுத்த எஞ்சினுக்கான விலக்கு அன்று. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, எழுத்து மூலமே பதில் பெறுங்கள். எஞ்சின் வாங்கிய ரசீது, அது எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது என்பதற்கான தாள், தெளிவாகப் படிக்கக்கூடிய எஞ்சின் எண் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் எஞ்சின் எண்ணைத்தான் முதலில் தேய்த்துப் பார்ப்பார். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் பார்க்கும். அனுமதி இல்லை என்று பதில் வந்தால், தோட்டத்து வேலிக்குள் மட்டும் ஓட்டுவதற்கு இத்தனை செலவு வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

போடி: மலைக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி. எந்த எஞ்சின் பொருத்தம்?

அதே குடும்பத்து வண்டியில் உற்பத்தியாளரே போட்டு விற்ற எஞ்சின் எதுவோ அதுவே முதல் தேர்வு; அனுமதி கேட்பதற்கும் அதுதான் ஓரளவு இடம் கொடுக்கும். மகிந்திரா ஜீப்புகளில் வந்த 2,112 சி.சி. பெஜோ எஞ்சினும், பிற்காலத்து 2,523 சி.சி. நேரடி உட்செலுத்து எஞ்சினும் நம் பக்கத்து மெக்கானிக்குகளுக்குக் கைவந்தவை. டெம்போ மேட்டடாரில் வந்த மெர்சிடிஸ் ஓ.எம். 616 நல்ல எஞ்சின்தான், ஆனால் கியர்பாக்ஸோடு சேர்த்துப் பொருத்துவதில் வேலை கூடுதல்.

டீசல் என்றாலே இழுவை கூடும் என்ற நம்பிக்கையை மட்டும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் 70 குதிரைத்திறனுக்கு மேல் கொடுத்தது; சிறிய பெஜோ 60ஐ ஒட்டித்தான் கொடுக்கும். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்களோடு ஏறுவதற்கு 2,500 சி.சி.க்குக் குறைந்ததை நான் சொல்ல மாட்டேன்.

திருமங்கலம்: அண்ணே, நான் பட்டறை வைத்து இரண்டு ஆண்டு ஆகிறது. பழைய கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கும் டீசல் எஞ்சினுக்கும் இடையில் லேத்தில் பிளேட் கடைந்து போட்டால் போதுமா?

போதும் தம்பி, ஆனால் அந்தப் பிளேட்டில்தான் உயிரே இருக்கிறது. கிராங்கின் (எஞ்சினின் சுழலும் தண்டு) மையமும் கியர்பாக்ஸ் உள்ளீட்டு ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். போல்ட் துளைகள் சரியாக விழுந்துவிட்டன என்பதை வைத்து மையம் சரி என்று எண்ணக் கூடாது. டயல் கேஜைக் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) கிராங்கில் பொருத்தி, பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடும் கூடு) துளையைச் சுற்றிக் கையால் சுழற்றிப் பாருங்கள்; விலகல் 0.12 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நான் தொழில் தொடங்கிய புதிதில், கேஜ் வாங்கக் காசில்லாமல் கண்ணளவில் ஒரு வண்டியைப் பூட்டி அனுப்பினேன். மூன்று மாதத்தில் பைலட் பேரிங் (கிராங்க் முனையில் அந்த ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது) பொடியாகி, கிளட்ச் விடாமல், நடுரோட்டில் நின்றது. கூலி வாங்காமல் மறுபடி இறக்கி ஏற்றினேன்; கேஜின் விலையைப் போல மூன்று மடங்கு அதில் போயிற்று.

பிளேட்டின் கனத்தினால் ஷாஃப்ட் பின்னுக்குத் தள்ளிப்போகும் என்பதால், பைலட் பேரிங்குக்குள் ஷாஃப்ட் முனை எவ்வளவு நுழைகிறது, கிளட்ச் பிளேட்டின் பல்வரிசை முழுவதும் அமர்கிறதா என்பவற்றையும் அளந்துகொள். கிளட்ச், டீசல் எஞ்சினுடையதாகவே இருக்கட்டும். நடுவிலுள்ள பல்வரிசையை மட்டும் உன் ஷாஃப்டுக்கு ஏற்ப மாற்று. சம்ப்பின் (எஞ்சின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) ஆழமான பகுதி முன்பக்கம் அமைந்த எஞ்சின் என்றால், நான்கு சக்கர ஓட்ட வண்டியில் முன் அச்சின் உருண்டையில் இடிக்கும். காலி வண்டியில் இடைவெளி இருப்பதுபோலத் தெரிந்தாலும், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும் நிலையை ஜாக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மவுண்டிங்கை வெல்டிங் செய்ய வேண்டும். டீசல் எஞ்சினின் எடைக்கு முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகத் தேவைப்படலாம்.

வாடிப்பட்டி: மாற்றி முடித்துவிட்டேன். நான்கு வழிச் சாலையில் 80க்கு மேல் போக மறுக்கிறது, எஞ்சின் கத்துகிறது. டீசல் பம்ப்பில் கோளாறா?

பம்ப்பைத் தொடாதீர்கள், கோளாறு கிரௌன் பினியனில், அதாவது அச்சுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியில் இருக்கிறது. பழைய ஜீப்புகளில் 5.38 விகிதம் வழக்கம்; டாப் கியரில் எஞ்சின் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். 16 அங்குலச் சக்கரத்தின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.27 மீட்டர் உருள்கிறது என்றால், டாப் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றும்போது வண்டி 101 கிலோமீட்டர் வேகத்தில் போகும். பெட்ரோல் எஞ்சினுக்கு அது எல்லைக்குட்பட்ட சுற்று. உங்கள் டீசல் எஞ்சினின் உச்சம் 3,200 என்றால், அங்கே வேகம் 81தான். 4.88 விகிதம் போட்டால் 89, 4.27 போட்டால் 102 வரும். நான்கு சக்கர ஓட்டம் இருந்தால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு முன் அச்சை இணைத்தால் டிரான்ஸ்பர் கேஸ் (இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) உடையும். பம்ப்பின் சீலை உடைத்து சுற்றுக்கு எல்லை வைக்கும் கவர்னரைத் திருகி 4,000 சுற்ற வைப்பவர்கள் இருக்கிறார்கள். கனெக்டிங் ராடு வெளியே எட்டிப் பார்க்கும்வரை அது நன்றாகத்தான் ஓடும்.

சோழவந்தான்: எஞ்சின் மாற்றிய பிறகு பிரேக் பெடல் கல்லாக இருக்கிறது. பழைய வைப்பரும் நின்றுவிட்டது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் தகடு காற்றை அடைப்பதால் மேனிஃபோல்டில், அதாவது காற்று உள்ளே போகும் குழாயில், வேக்கம் (உறிஞ்சுவிசை) உண்டாகிறது; பிரேக் பெடலுக்குத் துணைநிற்கும் பூஸ்டரும் பழைய வைப்பரும் அதில்தான் இயங்கின; டீசலில் அந்தத் தகடு இல்லை, வேக்கமும் இல்லை. டைனமோவின் பின்பக்கம் வேக்கம் பம்ப் சேர்ந்து வரும் வகையைப் போட்டு, ஒருவழி வால்வுடன் பூஸ்டருக்குக் குழாய் கொடுங்கள். அதுவரை வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள். வைப்பருக்கு 12 வோல்ட் மோட்டார் வாங்கிவிடுங்கள்.

நத்தம்: காலையில் கிளம்ப அடம்பிடிக்கிறது, ஓடும்போதும் விட்டுவிட்டு இழுக்கிறது. ஃபில்டரை இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

பழைய பெட்ரோல் டேங்கையே வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பல ஆண்டுக் கசடையும் துருவையும் டீசல் கழுவிக்கொண்டு வரும். எத்தனை ஃபில்டர் போட்டாலும் அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவுங்கள், அல்லது புதிதாகச் செய்யுங்கள். துத்தநாகம் பூசிய தகடு மட்டும் வேண்டாம், டீசலுக்கு ஆகாது. இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் டீசலுக்குத் தனி வழி டேங்குக்குள் போக வேண்டும். உறிஞ்சும் குழாயின் பழைய இணைப்புகளில் காற்று நுழைந்தாலும் இதே தொல்லைதான். ஹீட்டர் பிளக் (கிளப்பும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றுவது) உள்ள எஞ்சின் என்றால், நான்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாவிப் பூட்டு வழியாக மெல்லிய ஒயரில் கொடுக்காமல், ரிலே வைத்துத் தடித்த ஒயரில் கொடுங்கள்.

அலங்காநல்லூர்: கழற்றிய பெட்ரோல் எஞ்சினை என்ன செய்வது? பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்.

கொடுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் துளைகளில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கையால் இரண்டு சுற்று சுற்றி, துளைகளை அடைத்து, தரையில் படாமல் மரக்கட்டை மேல் ஏற்றித் தார்ப்பாயால் மூடி வையுங்கள். கார்புரேட்டர், டிஸ்டிரிபியூட்டர், பழைய மவுண்டிங், அதன் போல்ட்டுகள் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கட்டும். நாளை வண்டியை வாங்க வருகிறவர் எஞ்சினைவிட முதலில் அந்தப் பெட்டியைத்தான் கேட்பார்.