போன் கோடும் எல்லைக்கல்லும்

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவரின் பதில்கள்)

கேள்வி: பக்கத்து வயல்காரர் செல்போனில் செயற்கைக்கோள் படத்தின் மேல் எங்கள் புலப்படக் (நிலத்தின் சர்வே வரைபடம்) கோடுகளைக் காட்டி, "உங்க வரப்பு என் பட்டாவுக்குள்ள ஏழடி வந்திருக்கு, கல்லை மாத்தி நடுங்க" என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, லால்குடி

பதில்: கல்லைத் தொடாதீர்கள் அம்மா. தொட்டால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

ஏழடி என்பது இரண்டு மீட்டர் சொச்சம். வெட்டவெளியில் நின்றாலே போனில் இருக்கும் ஜிபிஎஸ் மூன்று, நான்கு மீட்டர் பிசகும். தென்னந்தோப்புக்குள் கேட்கவே வேண்டாம். அடுத்தது அந்தப் படம். கூகுள் எர்த்தில் பழைய தேதிப் படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள், உங்கள் கிணறே அங்குமிங்கும் நகர்ந்து நிற்கும். புலப்படமோ அந்தக் காலத்தில் சங்கிலி பிடித்து, மூலைவிட்டமும் குறுக்களவும் எடுத்து வரைந்தது. அதில் அட்சரேகையும் கிடையாது, தீர்க்கரேகையும் கிடையாது. அதைப் படத்தின் மேல் இழுத்துப் பொருத்தியவர் கண்ணுக்குத் தெரிந்த வரப்பைப் பார்த்துப் பொருத்தியிருப்பார். அந்தக் கோட்டைக் காட்டி வரப்பு தப்பு என்றால் எப்படி?

சங்கிலி மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நான் தொழில் கற்றபோது இருந்தது 66 அடிச் சங்கிலி, 100 லிங்க். இழுபட்டு இழுபட்டு வளையம் தேய்ந்து, சங்கிலி நீண்டுவிடும். காலையில் சரிபார்க்காமல் கிளம்பி, ஒரு புலம் முழுவதையும் மறுநாள் திரும்ப அளந்திருக்கிறேன். திட்டு வாங்கியது தனி.

அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி தாலுகா அலுவலகத்தில் மனு போடுங்கள். இப்போது சர்வேக்கு ரோவர் என்றொரு ஜிபிஎஸ் கருவி வந்திருக்கிறது. இடம் துல்லியமாகத் தெரிந்த நிலையான ஜிபிஎஸ் நிலையம் ஒன்று, செயற்கைக்கோள் கணக்கில் வரும் பிசகைக் கண்டுபிடித்து அந்தந்த நொடியே ரோவருக்கு அனுப்பிவிடும். மீட்டர் கணக்கில் இருந்த பிசகு சென்டிமீட்டருக்கு வந்துவிடும். சரி, அந்த ரோவரும் கல் எங்கே இருக்கிறது என்றுதான் சொல்லும். எங்கே இருக்க வேண்டும் என்பதைப் புலப்படத்தில் எழுதியிருக்கும் அளவுதான் சொல்லும். அளக்கிற அன்று பக்கத்து வயல்காரரையும் கூட நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போன் மேப்பில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறதே?
- ஒரு மாணவர், ஓசூர்

பதில்: 1569இல் மெர்கேட்டர் கப்பலோட்டிகளுக்காகப் போட்ட படத்தின் வாரிசு அது. திசை பிசகாமல் இருக்க, துருவத்தை நோக்கிப் போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கும். நிஜத்தில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. நம் நாட்டுக்குள்ளேயே பாருங்கள், அதே படத்தில் ஸ்ரீநகர்ப் பக்கத்து ஒரு கிலோமீட்டர், கன்னியாகுமரிப் பக்கத்து கிலோமீட்டரைவிட ஐந்தில் ஒரு பங்கு நீளமாக இருக்கும். பள்ளியில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை வைத்து அளந்து பாருங்கள்.