விடுதி வாழ்க்கை: கேளுங்கள், சொல்கிறேன்

அரசு விடுதியில் சேர, வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் இருக்க வேண்டுமாமே? நாங்கள் தர்மபுரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம்.

அந்தக் கணக்கு பையன்களுக்கு. மாணவிகளுக்குத் தூர விதி கிடையாது. விண்ணப்பியுங்கள்.

விடுதியில் தங்கினால் புதுமைப்பெண் பணம் நின்றுவிடுமா? (பர்கூர்)

நிற்காது. மாதம் 1000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். 'மெஸ் பில்லுக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்' என்று யாராவது ஏடிஎம் கார்டைக் கேட்டால் கொடுக்க வேண்டாம். மெஸ் பணத்தைக் கையில் கட்டி ரசீது வாங்குங்கள்.

விடுதியில் போர் தண்ணீர்தான். கொதிக்க வைத்துத்தான் தருகிறார்கள், பாத்திரத்தில் வெள்ளையும் படிவதில்லை. பயமில்லையே? (பாலக்கோடு)

இதே கேள்வி வருஷா வருஷம் வருகிறது. அம்மா, கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நம் பக்கத்து போர் தண்ணீரில் பயப்பட வேண்டியது பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு, அது போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சத்தில் அது இன்னும் கூடத்தான் செய்யும். பாத்திரத்தில் படியும் வெள்ளை, தண்ணீரின் கடினத்தன்மையால் வருவது. ஃபுளோரைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சாதாரண கேண்டில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது, ஆர்ஓ வேண்டும்.

லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்திலும் அதைத் தாண்டிய போர்கள் நிறைய இருந்ததால்தானே சுமார் 2000 கோடி செலவில் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது? காவிரித் தண்ணீர் தெருவுக்கு வந்த பிறகும், இணைப்பு வாங்கச் சோம்பல்பட்டு போர் மோட்டாரைப் போட்டுவிடும் விடுதிக்காரர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பெற்றோரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. காம்பவுண்டு சுவர் எத்தனை அடி, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். பிள்ளை மூன்று வருஷம் குடிக்கப்போகும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். விடுதிக்காரர் மறுத்தால் நீங்களே ஒரு பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

எந்த ஊர், எவ்வளவு பணம், ரசீது இருக்கிறதா, ஒன்றும் எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்ப்பது? ரசீது இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவாவது உதவும். கையில் கொடுத்துவிட்டு ரசீது வாங்காமல் வந்திருந்தால் கஷ்டம்தான்.

மாதம் 6500 ரூபாய் வாடகைக்கு மேல் ஜிஎஸ்டியும் கேட்கிறார்கள். (கிருஷ்ணகிரி)

20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாள் தங்கல் என்றால் வரி கிடையாது. 2024 ஜூலையிலிருந்தே இப்படித்தான்.

தனியார் விடுதி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (அரூர்)

முதலில் உரிமத்தைக் கேளுங்கள். பெண்கள் விடுதி நடத்த, 2014 சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். 'அப்ளை பண்ணியிருக்கோம்' என்பது உரிமம் ஆகாது. அப்புறம் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள். வார்டன் உள்ளேதான் தங்குகிறாரா, அல்லது சமையல்கார அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறாரா என்பது தெரிந்துவிடும்.

மகள் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. தினமும் போனில் அழுகிறாள். அழைத்து வந்துவிடலாமா? (காவேரிப்பட்டணம்)

அவசரப்படாதீர்கள். முதல் மாதம் பாதிப் பேர் அழுவார்கள். ஆனால் ஏன் அழுகிறாள் என்று கேட்டீர்களா? வீட்டு நினைப்பு என்றால் சரியாகிவிடும். சீனியர்கள் தொல்லை என்றால் ராகிங் உதவி எண் 1800-180-5522. சாப்பிடாமல், தூங்காமல், வகுப்புக்கும் போகாமல் இருந்தால் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். இந்த ஞாயிறு நேரில் போய் வாருங்கள். அழைத்து வருவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.