வீட்டைப் பார்க்கப் போய் கேஷ்பேக்கைப் பார்த்திருக்கிறீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வயது 34. ஈப்போவில் தொழிற்சாலை வேலை, கைக்கு 3,600 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. மனைவி பாலர்பள்ளி ஆசிரியை, 1,400. கார் கடன் மாதம் 690. சேமிப்பு 18,000. இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) இரண்டாம் கணக்கில் 21,000. மூன்று மாதத்தில் ஒன்பது வீடு பார்த்துவிட்டோம். எல்லாவற்றுக்கும் என் தாய்மாமா கூட வருகிறார். தோட்டத்தில் தச்சராக இருந்தவர், அப்பா இறந்தபின் என்னைப் படிக்க வைத்தவர். 230,000 வெள்ளிக்கு ஒரு தரை வீடு வந்தது, எங்களுக்குப் பிடித்தது. ஆனால் கேஷ்பேக்குக்கு, அதாவது விலையைக் கூட்டி எழுதிக் கூடுதல் கடன் எடுத்து மிச்சத்தை எங்களிடம் திருப்பித் தருவதற்கு, வீட்டுக்காரர் ஒத்துவரவில்லை. இப்போது பார்த்திருப்பது இரண்டு மாடி வீடு, 280,000. ஒப்பந்தத்தில் 330,000 என்று போட்டு, அதற்கு 90 விழுக்காடு கடன் எடுத்துத் தருவதாக ஏஜெண்டு சொல்கிறார். முன்பணம் வேண்டாம், மேலே கொஞ்சம் கையிலும் நிற்கும். அதில் 15,000 வெள்ளியை மகள் கல்யாணத்துக்கு மாமா கேட்கிறார். ஹால் பெரியது. சமையலறையைப் பின்சந்து வரை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சீலிங்கில் ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட். வீடு பார்க்கும்போது வேறு என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஒன்பது வீடு பார்த்தவருக்குக் குழாயைத் திறந்து பாருங்கள், கரையான் இருக்கிறதா பாருங்கள் என்று நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புதுப் பெயிண்டைக் கவனித்திருக்கிறீர்கள், கண் நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் உங்களுக்குப் பிடித்த வீட்டை ஏன் விட்டீர்கள்? ஓட்டை ஒழுகலுக்காக அல்ல. அதன் சொந்தக்காரர் பொய் விலை எழுத மறுத்ததற்காக. எனக்குக் கவலை தந்தது அந்த ஒரு வரிதான். இந்த மூன்று மாதமும் நீங்கள் தேடியது வீட்டை அல்ல, கேஷ்பேக் தரச் சம்மதிக்கும் ஆளை. நேர்மையான விலைக்கு உடனே விற்றுவிடக்கூடிய வீட்டுக்காரருக்கு இந்தத் தலைவலி எதற்கு? சம்மதிப்பவர்களில் பலர் வீடு விலைபோகாமல் தவிப்பவர்கள். ஆக, நல்ல வீடுகளை நீங்களே கழித்துக்கட்டிக்கொண்டு வருகிறீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். வட்டி 4.2 விழுக்காடு, 30 வருடம் என்று வைத்துக்கொள்கிறேன். 280,000-க்கு நேர்வழியில் 90 விழுக்காடு என்றால் கடன் 252,000, தவணை ஏறக்குறைய 1,232. ஏஜெண்டு வழியில் கடன் 297,000, தவணை 1,452. மாதம் 220 கூடுதல். 360 மாதத்துக்கு 79,000-க்கும் மேல். இதற்குப் பதிலாக உங்களுக்குக் கிடைப்பது என்ன? கட்டாமல் விட்ட 28,000 முன்பணமும், கையில் 17,000-உம். அந்த 17,000-இல் 15,000 மாமாவுக்குப் போய்விட்டால் உங்களிடம் நிற்பது 2,000. மாமாவுக்குக் கொடுக்கும் அந்த 15,000-க்கு மட்டும் நீங்கள் 26,000-க்கு மேல் கட்டுவீர்கள், கட்டி முடிக்கும்போது உங்களுக்கு வயது 64.

ஐந்து வருடம் கழித்து வேலை மாறி விற்க வேண்டி வந்தால்? அப்போதும் கடன் பாக்கி சுமார் 269,500 இருக்கும். வீடு அதே 280,000-க்குப் போனால், 3 விழுக்காடு வரை ஏஜெண்டு கமிஷனைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கையில் இரண்டாயிரம் சொச்சம். வழக்கறிஞருக்குக் கூடக் காணாது. நம் ஊர் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) விலை ஈப்போவைப் போல ஏறும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

இன்னொன்று, ஏஜெண்டு இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். வங்கியின் பணம் உங்கள் கைக்கு வராது, விற்பவருக்குப் போகும். 17,000-ஐ அவர்தான் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டிக் கேட்பீர்கள்? கொடுக்காத முன்பணத்தைக் கொடுத்ததாக நீங்களே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். பேசிய விலை ஒன்று, எழுதிய விலை ஒன்று என்றால் அது வங்கியை ஏமாற்றுவது. ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்பது அதற்குப் பதிலாகாது. ‘ஒரு காசு போடாமல் வீடு’ என்று ஃபேஸ்புக்கில் ஓடும் விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. போடாத காசு எங்கும் போய்விடவில்லை, 30 வருடத் தவணைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நம் ஊர்க்காரரான முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன், ரப்பர் தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டினார்கள், சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அந்தத் தலைமுறைக்குக் கையில் இருந்தது உங்களைவிட மிகக் குறைவு.

உங்களிடம் பணம் இருக்கிறது. அந்த 230,000 வீட்டுக்கு முன்பணம் 23,000. கடன் 207,000, தவணை ஏறக்குறைய 1,012. வழக்கறிஞர் செலவு விற்பனை, கடன் என்ற இரண்டு ஒப்பந்தத்துக்கும் சேர்த்து, மற்ற சில்லறைச் செலவோடு 8,000 வரை வைத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் முதல் வீடு என்றால் முத்திரைக் கட்டண விலக்கு உண்டா என்று வழக்கறிஞரிடமே கேளுங்கள். மொத்தம் 31,000. உங்கள் சேமிப்பும் இ.பி.எஃப். பணமும் சேர்ந்தால் 39,000. அந்த இரண்டாம் கணக்குக்கு 2024 மே மாதத்திலிருந்து சேஜாத்ரா கணக்கு என்று பெயர், வீட்டுக்கு அதிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி, கடனும் கிடைத்த பிறகுதான் மனுச் செய்ய முடியும். ஆகையால் முன்பணத்தை எப்போது எவ்வளவு கட்டுவது என்று வழக்கறிஞரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். புக்கிங் பணம் கொடுக்கும் முன், கடன் கிடைக்காவிட்டால் முழுதும் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

நீங்கள் கேட்டதற்கும் வருகிறேன். புதிய வீடு என்றால் சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் வரை பழுதுகளை மேம்பாட்டாளர் சரிசெய்து தர வேண்டும். கைமாறி வரும் வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, இருப்பது இருந்தபடி உங்கள் தலையில். பின்சந்து வரை இழுத்த சமையலறைக்கு நகராண்மைக் கழகம் ஒப்புதல் கொடுத்த பிளான் இருக்கிறதா? இல்லையென்றால் உடைக்கச் சொல்லி நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். பழைய தாமான்களில் கழிவுத்தொட்டி பின்பக்கம் இருப்பதுண்டு, அதன் மேலேயே சமையலறையைக் கட்டியிருந்தால் தொட்டியைச் சுத்தம் செய்ய வழி இருக்காது. ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் அதன் மேல் கூரையைப் பார்க்காமல் நகராதீர்கள். எந்த வீடானாலும் நில அலுவலகத்தில் கெரானை (நிலப் பட்டாவை) தேடிப் பாருங்கள். குத்தகை நிலமா, எத்தனை வருடம் மிச்சம், யாராவது தடை போட்டிருக்கிறார்களா என்று தெரியவரும்.

மாமா விஷயம். உங்களைப் படிக்க வைத்தவருக்கு ஒன்றும் செய்யாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீங்கள் கேட்கக் கூடாது. வங்கி தரவில்லை என்று அவரிடம் பொய்யும் சொல்ல வேண்டாம். அந்த இரண்டு மாடி வீட்டுக்கும் தரை வீட்டுக்கும் தவணையில் மாதம் 440 வித்தியாசம் வருகிறது. அதில் 200-ஐ மாதாமாதம் மாமா கையில் கொடுங்கள், கல்யாணம் முடிந்த பிறகும் கொஞ்ச நாள் கொடுங்கள். ‘மொத்தமாக என்னால் முடியாது மாமா, இது முடியும்’ என்று நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கும். பரவாயில்லை.

இந்த வாரமே அந்தத் தரை வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். வீடு இன்னும் கைமாறவில்லை என்றால், மழை பிடித்த ஒரு சாயங்காலத்தில் போய்ப் பாருங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். தச்சர், கூரைச்சட்டத்தை நிமிர்ந்து பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.