வேறு தளங்களுக்குப் போவதும் திரும்பி வருவதும்: கேள்வி பதில்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டத்தின் பிளேன்கள், அதாவது வெவ்வேறு உலகத் தளங்கள், பற்றி மட்டும் கேளுங்கள். விதிகள் எல்லாம் 2014இன் 5ஆம் பதிப்புப்படி, மாறினால் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் 6 பேர், எல்லாரும் 13ஆம் லெவல். விசார்டிடம் (மந்திரவாதி) தளம் மாற்றும் மந்திரமான பிளேன் ஷிஃப்ட் இருக்கிறது. நைன் ஹெல்ஸ் என்ற நரகத்தின் முதல் அடுக்கான அவெர்னஸுக்குப் போய் ஓர் ஒப்பந்தப் பத்திரத்தைத் திருடிக்கொண்டு உடனே திரும்ப முடியுமா?

பதில்: போகலாம். “உடனே திரும்ப” என்பதுதான் இடிக்கிறது. பிளேன் ஷிஃப்ட் 7ஆம் நிலை மந்திரம். 13ஆம் லெவலில் அந்த நிலைக்கு ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) ஒன்றே ஒன்று. இரண்டாவது 20ஆம் லெவலில்தான் வரும். போகும்போதே அது தீர்ந்துவிடும். டெவில்களும் டீமன்களும் மோதும் பிளட் வார் நடக்கிற நிலத்தில் எங்காவது ஒளிந்து லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) முடித்தால்தான் மறுபடி போட முடியும்.

அடுத்தது கோல். போகிற தளத்துக்கென்று சுருதி சேர்த்த, குறைந்தது 250 பொற்காசு பெறும் கவை வடிவ உலோகக் கோல் வேண்டும். நைன் ஹெல்ஸுக்கு ஒன்று, உங்கள் சொந்த உலகமான மெட்டீரியல் பிளேனுக்கு வேறொன்று. முதலில் வீட்டுக் கோலை வாங்குங்கள், பிறகு நரகக் கோலைத் தேடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

இறங்கும் இடமும் உங்கள் கையில் இல்லை. சொன்ன இடத்திலோ அதன் பக்கத்திலோ, டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) வைத்ததுதான். அங்கே ஒரு டெலிபோர்ட்டேஷன் சர்க்கிளின் (இடம் மாற்றும் மந்திர வட்டம்) சிஜில் வரிசை, அதாவது அதன் குறியீடு, தெரிந்தால் மட்டுமே குறி தப்பாது.

விசார்டிடம் வேறு தளத்துக்குத் துரத்தும் மந்திரமான பானிஷ்மென்ட்டும் இருந்தால் ஒரு குறுக்கு வழி உண்டு: அதைச் சொந்த ஆட்கள் மேலேயே போடுவது. நரகத்தில் நீங்கள்தான் அந்நியர்கள். கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தின் மேல் கவனம்) கலையாமல் முழு 1 நிமிடம், அதாவது 10 ரவுண்டு நின்றால், பட்டவர் சொந்தத் தளத்திலேயே தங்கிவிடுவார். 6ஆம் நிலை ஸ்லாட்டில் 3 பேர், 5ஆம் நிலையில் 2 பேர்; 2 நிமிடத்தில் 5 பேர் வெளியே. மந்திரம் போட்டவர் தன்னையே குறிவைக்கலாமா, கரிஸ்மா சேவிங் த்ரோவில் (மந்திரத்திலிருந்து தப்பிக்கும் உருட்டு) வேண்டுமென்றே தோற்கலாமா என்று டிஎம்மிடம் முன்னாலேயே கேட்டுவையுங்கள். 2024 விதிகளில் இந்த வித்தை செல்லாது. அங்கே நிரந்தரமாகப் போவது அபெரேஷன், செலஸ்டியல், எலிமென்டல், ஃபே, ஃபீண்ட் வகைகள் மட்டும். மனிதர்கள் நிமிடம் முடிந்ததும் அங்கேயே வந்து நிற்பார்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை பிளேன்?

பதில்: கிரேட் வீல் என்ற வழக்கமான தள அமைப்பில் வெளித்தளங்கள் 16, நடுவே அவுட்லாண்ட்ஸ். எபெரான் என்ற ஆட்ட உலகில் கணக்கே வேறு. அங்கே 13 சுற்றிவருகின்றன. உங்கள் டிஎம் எதில் ஆடுகிறார் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பேக் ஆஃப் ஹோல்டிங்கை (உள்ளே பெரிதான மாயப் பை) போர்ட்டபிள் ஹோலுக்குள் (விரித்தால் குழியாகும் மாயத் துணி) போட்டு டிராகனைக் கொல்லலாமா?

பதில்: கொல்லாது. டேமேஜ் என்று ஒரு புள்ளிகூடக் கிடையாது. இரண்டு பொருளும் அழிந்து, போட்ட இடத்தில் ஆஸ்ட்ரல் பிளேனுக்கு ஒருவழி வாசல் திறக்கும். 10 அடிக்குள் இருக்கிற உயிர்கள் எல்லாம், போட்ட நீங்களும் சேர்த்துத்தான், ஏதோ ஒரு மூலைக்கு இழுபட்டுப் போவீர்கள்.

கேள்வி: மேஜ் ஹேண்ட் (தூரத்துப் பொருளைத் தூக்கும் மாயக் கை) வைத்து 30 அடி தள்ளி நின்று போட்டால்?

பதில்: மேஜ் ஹேண்ட் 10 பவுண்டுக்கு மேல் தூக்காது. பேக் ஆஃப் ஹோல்டிங் 15 பவுண்டு.

கேள்வி (வேறொருவர்): ஹேண்டி ஹேவர்சாக் (இன்னொரு மாயப் பை) 5 பவுண்டுதானே? உள்ளே எவ்வளவு இருந்தாலும் அதே எடை. அதைப் போட்டாலும் இதே விளைவுதானே?

பதில்: சரியான அடி. செல்லும், சேவிங் த்ரோவும் கிடையாது. ஆனால் ஹோலை டிராகன் பக்கத்தில் யார் விரிப்பது? அதற்கு ஓர் ஆக்‌ஷன் வேண்டும், கெட்டியான பரப்பும் வேண்டும். பறந்துகொண்டிருக்கும் டிராகனிடம் பலிக்காது.

கேள்வி (முதல் ஆள்): தூங்கும்போது விரித்தால்? ஆஸ்ட்ரலில் போய்ப் பட்டினியில் சாகட்டும்.

பதில்: ஆஸ்ட்ரலில் பசியும் இல்லை, மூப்பும் இல்லை. அங்கே நகர்வது மனத்தின் வேகத்தில்: இன்டலிஜென்ஸ் எண்ணை 3ஆல் பெருக்கினால் ஒரு டர்னுக்கு எத்தனை அடி என்று வரும். அடல்ட் ரெட் டிராகனுக்கு 16, ஆக 48 அடி. உங்கள் பார்பேரியனுக்கு 8 என்றால் 24. வெள்ளி நிறக் கலர் பூல் (வேறு தளத்துக்கான வாசல்) ஒன்று அதன் கண்ணில் பட்டால் மெட்டீரியல் பிளேனுக்கே வந்துவிடும். அபூர்வமான பொருள் இரண்டை எரித்து, எதிரியைக் கோபத்தோடு அனுப்பிவைக்கிறீர்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே குற்றுயிராகக் கிடக்கிற குழுவுக்குத் தப்பிக்க அவகாசம் வேண்டுமென்றால் செய்யுங்கள். கொல்ல என்றால் வேண்டாம். ஹேவர்சாக் யோசனை சொன்னவருக்கு முழு மார்க். இந்த விவாதம் இத்தோடு போதும்.

கேள்வி: ஃபெய்வைல்டில் (ஃபே உயிர்களின் தளம்) நாள் கணக்கு எப்படி?

பதில்: டிஎம் விரும்பினால் மட்டும் வரும் விதி. வெளியேறும்போது டி20 (20 முகப் பகடை) உருட்ட வேண்டும். 7 முதல் 13 வரை மாற்றமில்லை. 1-2 என்றால் உள்ளே கழித்த நாட்கள் வெளியே நிமிடங்கள். 20 என்றால் நாட்கள் ஆண்டுகளாகிவிடும். கதையில் “பௌர்ணமிக்குள் ராஜாவைக் காப்பாற்று” மாதிரி கெடு வைத்திருக்கிற டிஎம் இந்த அட்டவணையைத் தொடவே கூடாது. தொட்டால் குழு மொத்தத்துக்கும் ஒரே உருட்டு.

கேள்வி: டெவிலை நிரந்தரமாகக் கொல்வது?

பதில்: நைன் ஹெல்ஸுக்குள் கொன்றால் செத்தான். வெளியே கொன்றால் அங்கே மறுபடி உருவெடுப்பான். நீங்களும் போகிறீர்களா? வீட்டுக் கோல் இருக்கிறதா?

கேள்வி: ஈத்தீரியல் பிளேனில் ஒளிந்திருப்பவனை மேஜிக் மிசைல் அடிக்குமா?

பதில்: 3.5ஆம் பதிப்பில் மேஜிக் மிசைல் போன்ற ஃபோர்ஸ் மந்திரங்கள் எட்டும். 5ஆம் பதிப்பில் மேஜிக் மிசைல் எட்டாது.

கேள்வி: பிளேன் ஷிஃப்ட் போட்டால் கோல் தீர்ந்துபோகுமா? கம்போனென்ட் பவுச் (மந்திரத்துக்கான பொருட்கள் வைக்கும் பை) போதாதா?

பதில்: தீராது. விலை குறித்த பொருளுக்குப் பவுச் ஈடாகாது. கோல் பற்றி முதல் பதிலிலேயே இருக்கிறது, மேலே படியுங்கள்.

கேள்வி: ஷேடோ மாங்க் எப்படிக் கட்டுவது?

பதில்: அது கேரக்டர் பில்டு. இங்கே இல்லை.

கேள்வி: நைன் ஹெல்ஸிலிருந்து சிஜில் நகரத்துக்குப் பிளேன் ஷிஃப்ட்? கோல் இரண்டு வைத்திருக்கிறோம்!

பதில்: கோல் வைத்திருப்பதற்குச் சந்தோஷம். ஆனால் சிஜிலுக்கு எந்தக் கோலும் உதவாது. உள்ளே போகவும் வெளியே வரவும் போர்ட்டல் மட்டும்தான். அதைத் திறக்கும் சாவி ஒரு பொருளாகவோ, ஒரு சொல்லாகவோ, ஒரு சைகையாகவோகூட இருக்கலாம். எது என்று உள்ளூர்க்காரனிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். நுழைவதற்கு முன்பே, வெளியேறும் போர்ட்டலின் சாவியையும் சேர்த்து.