முற்றத்தில் விழுந்த ஆந்தைக் குஞ்சு: கூகையா, கொம்பனா?

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டுப் பரணிலிருந்து பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குஞ்சு முற்றத்தில் விழுந்துவிட்டது. கிட்டே போனால் பாம்பு போலச் சீறுகிறது. இரவில் பரணில் குறட்டைச் சத்தம். தெரிந்தவர் ஒருவர், "கொம்பன் ஆந்தைக் குஞ்சு, நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறார். உண்மையா?

பதில்: முதலில் அவரை வாசலோடு அனுப்புங்கள். ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கொம்புள்ள ஆந்தைக்கு மாந்திரீகக்காரர்களிடம் கிராக்கி அதிகம். அதனால் எந்தக் குஞ்சைப் பார்த்தாலும் தரகர் வாயில் அது கொம்பன்தான். வாங்குகிறவர் மட்டுமல்ல, விற்கிறவரும் மாட்டுவார்.

உங்களுடையது அநேகமாகக் கூகை, அதாவது ஆங்கிலத்தில் Barn Owl எனப்படும் ஆந்தை. அந்தக் குறட்டைதான் அடையாளம்: இரை கேட்டு இரவெல்லாம் விடாமல் இழுக்கும். சீறலை நம்பாதீர்கள், கொம்பன் குஞ்சும் பயந்தால் சீறும். முகத்தைப் பாருங்கள். கூகைக்கு இதய வடிவ முகம், கருங்கண். கொம்பனுக்கு ஆரஞ்சுக் கண், புள்ளி ஆந்தைக்கு மஞ்சள் கண். விசாகப்பட்டினத்தில் 2017-ல் வேற்றுக்கிரகவாசி என்று ஊரே பார்த்த வீடியோவில் இருந்தவையும் கூகைக் குஞ்சுகள்தான்.

ஒரு சிக்கல் உண்டு. மூன்று வாரத்துக்கும் குறைந்த குஞ்சில் இதய முகம் தெளிவாக விழுந்திருக்காது. தூவி மட்டும்தான். அப்போது குஞ்சை உற்றுப் பார்த்துப் பயனில்லை, கூட்டைப் பாருங்கள். கொம்பன் பாறை விளிம்பிலும் மண்சரிவிலும் முட்டையிடும், உங்கள் பரணுக்கு வராது. பரணில் பெரிதும் சிறிதுமாகக் குஞ்சுகள் இருந்தால் வேறு வேறு இனம் என்று குழம்பவும் வேண்டாம். கூகை முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரிவதால் அப்படித்தான் இருக்கும்.

கீழே கிடக்கும் குஞ்சுக்குத் தாய்க்கூகை பெரும்பாலும் இரை தராது. காயம் இல்லையென்றால் துணியால் பிடித்து இன்றே பரணில் விடுங்கள். கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பதெல்லாம் கதை. பாலும் சோறும் கொடுக்காதீர்கள்.

காயம் இருந்தால் வனத்துறைதான். "அது எங்கள் சரகம் இல்லை" என்று ஒரு அலுவலகத்தில் என்னையே மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். குஞ்சுக்குச் சரகம் தெரியுமா? விடாதீர்கள், கூப்பிட்ட நேரத்தையும் பேசியவர் பெயரையும் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி கூப்பிடுங்கள். அதுவரை குஞ்சு காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில், இருட்டில் இருக்கட்டும்.