கருந்துளை வளர்ந்தால் நட்சத்திரம் பிறப்பது குறையுமா?

கேள்வி: கேலக்ஸியின் நடுவில் பெரிய கருந்துளை இருக்கிறது, அது வளர்கிறது என்கிறார்கள். அது வளர வளரப் புது நட்சத்திரங்கள் பிறப்பது குறைந்துவிடுமா?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: குறையும், ஆனால் உடனே இல்லை. முதலில் இரண்டும் சேர்ந்தேதான் வளர்கின்றன, ஏனென்றால் இரண்டுக்கும் தீனி ஒன்றுதான்: குளிர்ந்த வாயு. தனுஷ்கோடி மணலில் தோண்டிய ஒரே ஊற்றில் இரண்டு வீட்டார் மொண்டு மொண்டு குடம் நிரப்புவார்களே, அந்த மாதிரி. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாயு ஏராளமாக இருந்தது. நட்சத்திரப் பிறப்பு உச்சத்தில் இருந்ததும், கருந்துளைகள் வேகமாகக் கொழுத்ததும் அப்போதுதான். அப்புறம் இரண்டுமே இறங்குமுகம்.

சரி, கருந்துளை எப்படிக் கெடுக்கிறது? எல்லாவற்றையும் விழுங்கித் தீர்த்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது விழுங்குவது கொஞ்சம்தான். விழப்போகிற வாயு வட்டமாகச் சுழன்று, உரசி, கொதித்து, சில நேரம் அந்த கேலக்ஸியின் அத்தனை நட்சத்திரங்களையும் விடப் பிரகாசமாக எரிகிறது. இப்படி எரியும் கேலக்ஸி நடுவைத்தான் குவேசார் என்கிறோம்; 1963-இல் அடையாளம் கண்ட 3சி 273 அப்படி ஒன்று. அந்த வெளிச்சமும் அங்கிருந்து வீசும் காற்றும் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கும், வெளியே தள்ளும். நட்சத்திரம் பிறக்கவோ வாயு மைனஸ் 260 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து சுருங்க வேண்டும். எம்87 என்ற கேலக்ஸியைப் பாருங்கள், 2019-இல் அதன் கருந்துளையின் படம் வெளியானதே, அந்தக் கருந்துளை 650 கோடி சூரியன்களின் எடை. அதன் அருகிலிருந்து அதிவேகமாகக் கிளம்பும் துகள் பீய்ச்சல் சுற்றியுள்ள வாயுவை ஆற விடாமல் கோடி டிகிரிக்கு மேலேயே வைத்திருக்கிறது, அதனால் அங்கே புது நட்சத்திரம் மிகவும் அரிது. (சில இடங்களில் இதே பீய்ச்சல் வாயுவை அமுக்கி நட்சத்திரத்தைப் பிறக்கவும் வைக்கிறது. இதுவும் உண்மைதான்!)

என்னை மிகவும் வியக்க வைப்பது எடைக் கணக்கு. கேலக்ஸியின் நடுப்பகுதியிலுள்ள நட்சத்திரக் குவியலோடு ஒப்பிட்டால் கருந்துளை ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் சில பங்கு. அவ்வளவு சின்னது, ஒரு கேலக்ஸியின் தலைவிதியையே மாற்றிவிடுகிறது.

நம் பால்வெளியின் கருந்துளை 40 லட்சம் சூரியன்களின் எடை, இப்போது அமைதியாகத்தான் இருக்கிறது. ஆடி மாதம் இரவு ஒன்பது மணிவாக்கில் அரிச்சல்முனைப் பக்கம் நின்று தெற்கே பார்த்தால் கடலுக்கு மேலே தனுசு ராசி தெரியும், அந்தத் திசையில்தான், 26,000 ஒளியாண்டு தூரத்தில். நம் பால்வெளியில் இன்னும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன் எடைக்குப் புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.